ஆபத்தருமமும் அதன் எல்லையும்

ஊர் அழிந்து, அரசு அழிந்து, தண்டிப்பாருமில்லை, கண்டு பழிப்பாருமில்லை என்னும் நிலை ஒருவனுக்கு வந்துற்றால், அந்நிலையிலும் அறம் அவனைக் கட்டுமோ? இவ்வினாவை எம்மிடத்திலே கேட்டவர் பண்டிதருமல்லர்; பிரசங்கியாருமல்லர். உயர்தர வகுப்பிலே கற்கும் ஒரு மாணாக்கன். அவனுக்கு அவ்வினா எழுந்தது ஓர் ஆங்கில நாவலினால். அந்நாவலை அவனுக்கு வாசிக்கக் கொடுத்தவர் யாமே ஆதலின், விடை கூறும் கடனும் எம்மேலதாயிற்று. அன்று அவனுக்கு யாம் சொல்லியது குறைவுடைத்து. வகுப்பிலே இவ்வகை வினாக்களை நாள்தோறும் எதிர்கொள்ளும் ஆசிரியர்கள் முன்னே அதனை மீட்டும் எடுத்து ஆராய்தல் நன்றெனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

நாவல் வாசிப்பிலே எமக்கு நாட்டம் குறைவு. கனடா தேசத்திலிருக்கும் எம் மருகர் அனுப்பிய பொதியிலே, மருந்துப் போத்தல்களோடு வந்து சேர்ந்த நூல் அது. அமெரிக்க ஆசிரியர் கோர்மாக் மக்கார்தி என்பவர் எழுதி 2006 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. மறு வருடம் புலிற்சர் பரிசும் பெற்றது. 'வீதி' என்பதே அதன் பெயர். கதையோ மிகச் சிறிது. ஏதோ ஒரு பேரழிவினால் உலகம் சாம்பலாய்விட்டது. அஃது இன்னதென்று ஆசிரியர் கூறவேயில்லை. சூரியன் மறைந்தது. மரஞ் செடி கொடிகள் பட்டன. விலங்கும் பறவையும் இல்லை. ஒரு தகப்பனும் சிறு மகனும் கடைத்தெருக்களிலே பொருள் ஏற்றும் தள்ளுவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு, குளிருக்குத் தப்பித் தெற்கு நோக்கிக் கடற்கரைக்கு நடக்கின்றார்கள். பையனுடைய தாய், வாழ்வதினும் மாய்வது நன்றென்று துணிந்து முன்னரே தன்னுயிரைப் போக்கிக் கொண்டாள். வழியிலே எஞ்சியிருக்கும் மானிடரிலே பலர் மானிடரையே தின்பவர். ஒரு வீட்டின் நிலவறையிலே, தின்பதற்கென்றே மனிதர் அடைத்து வைக்கப்பட்டிருப்பதைத் தகப்பன் காண்கின்றான். கண்டு, மகனையுங் கொண்டு ஓடுகின்றான்.

இந்த அச்சங்களெல்லாம் நூலின் புறத்தோல். உயிர்நிலை வேறோரிடத்திலே உள்ளது. தகப்பன் மகனைக் காத்தல் ஒன்றையே தன் அறமாகக் கொண்டவன். மகனோ, எதிர்ப்படுவோர் எல்லாருக்கும் ஏதேனும் கொடுக்கவேண்டுமென்று மன்றாடுகின்றான். இடியேறுண்டு நொண்டி நடக்கும் ஒருவனைத் தகப்பன் கடந்து செல்லுகின்றான்; மகன் அழுகின்றான். கண் மங்கிய கிழவன் ஒருவனுக்கு மகனுடைய வற்புறுத்தலினாலே உணவு கொடுக்கப்படுகின்றது. கடற்கரையிலே, அவர்களுடைய வண்டி முழுவதையும் ஒருவன் களவெடுத்துச் செல்ல, தகப்பன் துரத்திப் பிடிக்கின்றான். பிடித்துப் பொருளை மீட்டதோடு நில்லாமல், துப்பாக்கியைக் காட்டி அவன் உடுத்த துணியையும் பாதரட்சையையும் கழற்றுவித்து, நிர்வாணமாகக் குளிரிலே நிறுத்திவிட்டுப் போகின்றான். மகன் அழுத அழுகையினால் மனமிளகித் திரும்பி வந்து அழைத்தபோது அக்கள்வனைக் காணவில்லை. துணிகளை வீதியிலே வைத்துவிட்டுச் செல்லுகின்றார்கள்.

மாணாக்கன் கேட்டது இதைத்தான். "அந்தத் தகப்பன் செய்தது பிழையோ, ஐயா? அவன் அப்படிச் செய்திராவிட்டால் பிள்ளை செத்திருக்குமே."

உலக முடிவைப் பற்றி எம் முன்னோர் நினையாதவரல்லர். ஆனால் அவர் நினைத்த வகை வேறு. சைவ சித்தாந்தத்திலே சர்வசங்காரம் என்பது தண்டனையன்று; பிறந்திறந்து இளைத்த உயிர்களுக்கு இளைப்பாற்றுதலென்றே அதனை ஆன்றோர் கூறுவர். அங்கே எஞ்சி நின்று, மற்றொருவனுடைய சோற்றைப் பறிப்பதோ விடுவதோ என்று திகைப்பவன் ஒருவனுமிலன். சீர்காழித் தலபுராணம் கூறும் பிரளயத்திலே, இறைவன் அறுபத்து நான்கு கலைகளை ஆடையாகத் தரித்துப் பிரணவத்தைத் தோணியாகக் கொண்டு மிதந்தான் என்பது. முதலிலே காக்கப்பட்டவை கலைகள் என்பதை ஆசிரியத் தொழிலுடையோர் கவனித்தல் வேண்டும். எனினும் அதுவும் இவ்வினாவுக்கு விடையன்று. யாம் இளமையிலே கற்றது மிஷன் பாடசாலையிலே. வேதாகம வகுப்பிலே நோவாவின் பேழையைப் பற்றிப் படித்தபோது, "கதவு அடைத்த பின்னர் வெளியே நின்று தட்டியவர்கள் இல்லையோ?" என்று எம் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். அந்த ஆசிரியர் நல்லவர், சினந்தாரல்லர். சாளரத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போனார்.

தட்டியவர்களைப் பற்றி நம் நூல்கள் பேசுமிடம் பிரளயமன்று, பஞ்சம். அங்கே நம்மவர் எதனையும் மறைத்தாரல்லர். பாரதத்துச் சாந்தி பருவத்திலே, பன்னிரண்டு வருடம் மழையில்லாத காலத்திலே, விசுவாமித்திரர் புலையனொருவன் குடிசையிலே நாயின் தொடையைக் களவெடுக்கப் புகுகின்றார். விழித்துக்கொண்ட புலையன் அவருக்குத் தருமம் உபதேசிக்கின்றான். முனிவரோ உயிரிருந்தாலன்றோ தருமம் என்று வாதிக்கின்றார். வாதத்திலே வென்றவர் யாரென்று சொல்லுதல் எளிதன்று. ஆபத்தருமம் என்னும் வழக்குக்கு அக்கதை பெரிய சான்றாக எடுத்தாளப்படும்.

தமிழிலே திருவள்ளுவர் இன்னும் இறுக்கமானவர் போலத் தோன்றுவார். பெற்ற தாய் பசித்திருக்கக் காண்பினும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யாதே என்பது அவர் வாக்கின் கருத்து. ஆயினும் பரிமேலழகர் அங்கே நின்று ஒன்று கூறுகின்றார். முதிர்ந்த தாய் தந்தையரும் மனைவியும் குழவியும் பசியால் வருந்துமிடத்துத் தீயன செய்தாயினும் அவர்களைக் காக்க என்பது அறநூலின் பொது விதி. அவ்விதி அமைச்சர்க்குப் பொருந்தாமையினாலேயே இங்ஙனம் கூறப்பட்டது என்பது அவ்வுரை. அக்குறள் வினைத்தூய்மை அதிகாரத்தது என்பதை மறந்து, எல்லார்க்கும் பொதுவாகப் பாடஞ் சொல்லிவிட்டுச் செல்லும் வழக்கம் நம்மவரிடத்து உண்டு. யாமும் பல வருடம் அப்படியே சொன்னோம். உரையின்படி, நாவலிலே வரும் அந்தத் தகப்பன் அமைச்சனல்லன், குழவியையுடையவன். பொது விதி அவன் பக்கத்தது.

அங்ஙனமாயின் அவன் செய்தன எல்லாம் பிழையற்றனவோ? இங்கேதான் சாந்தோக்கிய உபநிடதத்திலே உள்ள ஒரு சிறு கதை நமக்கு உதவுகின்றது. விசுவாமித்திரர் கதையைப் போல அது பலரறிந்ததன்று; எமக்கோ அதனினும் உயர்ந்ததாகத் தோன்றுகின்றது.

குரு நாட்டிலே பயிர் அழிந்து போயிற்று. உஷஸ்தி என்னும் வறிய அந்தணர் தம் இளம் மனைவியோடு யானைக்காரருடைய ஊரொன்றிலே தங்கியிருந்தார். ஒருவன் மட்டமான பயற்றை உண்டுகொண்டிருக்கக் கண்டு, தமக்கும் தரும்படி இரந்தார். "என் முன்னே வைத்திருக்கும் இந்த எச்சிலன்றி வேறில்லை" என்றான் அவன். "அதிலே தா" என்று வாங்கி உண்டார். உண்டபின் அவன் தண்ணீரும் கொடுத்தான். அதனை அவர் வாங்கவில்லை, எச்சில் என்றார். "பயறு மாத்திரம் எச்சிலன்றோ?" என்று அவன் கேட்டான். உண்ணாதிருந்தால் உயிர் போயிருக்கும். தண்ணீரோ வேண்டியவிடத்திலே கிடைக்கும் என்பது அவர் சொல்லிய விடை.

வாசிக்கும்போது இது சிரிப்புக்கிடமானதாகச் சிலருக்குத் தோன்றும். எச்சிலாசாரம் பற்றிய பேச்சை ஒருபுறம் வைத்துவிட்டு, விடையிலே இருக்கும் அளவை மாத்திரம் நோக்குக. ஆபத்து விதியைத் தளர்த்துகின்றது. ஆனால் ஆபத்தின் அளவுக்கே தளர்த்துகின்றது. பயற்றுக்குக் கிடைத்த விலக்கு, பயற்றோடு வந்த தண்ணீருக்குக் கிடையாது. மக்கள் வழுவுமிடம் பெரும்பாலும் அந்தத் தண்ணீரிலேதான். "இது ஆபத்துக் காலம்" என்னும் ஒரு சொல்லைக் கொண்டு, ஆபத்துக்குச் சிறிதும் சம்பந்தமில்லாத நூறு காரியங்களை உடன் கடத்திக்கொள்ளுகின்றோம்.

இவ்வளவைக் கொண்டு அந்தத் தகப்பனை நிறுத்துப் பார்க்கலாம். களவு போன வண்டியை மீட்டது பயறு. அவன் பிள்ளையின் உயிர் அதிலே இருந்தது. கள்வன் உடுத்த துணியைக் கழற்றியது தண்ணீர். அத்துணி பிள்ளைக்கு வேண்டியதன்று. அது சினத்துக்கு வேண்டியது. சினம் ஆபத்தின் உடையை உடுத்து வந்தது. மகனுக்கு உபநிடதம் தெரியாது. உலகம் அழியுமுன் இருந்த நீதி யாதென்பதும் தெரியாது, அவன் அழிவோடு பிறந்தவனாதலால். ஆயினும் எது பயறு, எது தண்ணீர் என்பதை அவன் தகப்பனினும் நன்கறிந்தான். அதனாலேதான் அவ்வழுகை.

ஒரு தடை எழும். நம் பெரியபுராணத்திலே அளவு பாராமற் கொடுத்தவரும், அளவு பாராமற் காத்தவரும் நாயன்மாராக வைக்கப்பட்டிருக்கின்றனரே என்பர். உண்மையே. இளையான்குடிமாற நாயனார், மழையிருளிலே, பகலிலே விதைத்த நெல்முளையைக் கூடையிலே வாரிக் கொணர்ந்து, கூரையின் மரத்தை அறுத்து விறகாக்கி, வந்த அடியவருக்கு அமுதளித்தார். விதைநெல்லென்பது அடுத்த வருடம், அதனையே கொடுத்தார். இதனைச் சிறுவருக்குச் சொல்லுதல் எளிது. கோட்புலி நாயனார் சரித்திரமோ அத்தகையதன்று. இறைவன் திருவமுதுக்கென நெல்லைக் கூடுகளிலே சேர்த்து, அதனைத் தொடலாகாதென்று சுற்றத்தாருக்கு ஆணையிட்டுப் போருக்குச் சென்றார். பஞ்சம் வந்தது. உண்ணாமல் இறப்பதினும் இப்பொழுது எடுத்துண்டு பின்னர்க் கொடுத்துவிடுவோம் என்று சுற்றத்தார் எண்ணி உண்டனர். மீண்டு வந்த நாயனார் தந்தை, தாய், மனைவி என்று பாராமல் எல்லாரையும் வாளுக்கிரையாக்கினார். எஞ்சிய பசுங்குழந்தை அந்நெல்லை உண்ணவில்லையே என்று காவலன் இரந்தபோது, அந்நெல்லை உண்டவளுடைய முலைப்பாலை உண்டது என்றார்.

வகுப்பிலே நாம் என்ன செய்கின்றோம்? இச்சரித்திரத்தை ஒரே வாக்கியத்திலே சொல்லி அடுத்த நாயனாருக்குப் போகின்றோம். எம் பழைய வேதாகம ஆசிரியர் சாளரத்தைப் பார்த்தது போல நாமும் பார்க்கின்றோம். இது பத்தியின் உறைப்பைக் காட்ட வந்ததேயன்றி, ஊரார் ஒழுகுதற்கு விதியாக வந்ததன்று. இறைவன் வெளிப்பட்டு அச்சுற்றத்தாருக்கும் நற்கதி அளித்தான் என்று பெரியோர் கூறும் சமாதானத்தை யாமும் கூறுவோம். மாணாக்கன் அதனைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, "அந்தப் பிள்ளை?" என்றான். அப்பிள்ளையைப் பற்றி எம்மிடத்திலே விடை இல்லை. இல்லாததை உள்ளதுபோலச் சொல்லுதல் ஆசிரியர்க்கு அழகன்று என்று கருதி, இல்லையென்றே சொன்னோம்.

ஆனால் ஒன்றை அவனுக்குக் காட்டினோம். அந்நாயனார் சரித்திரத்தை நாமெல்லாரும் வாசிக்கும் வசனநடையிலே எழுதி 1852 இலே அச்சிட்டவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள். தாது வருடத்தைத் தொடர்ந்த பஞ்சம் தென்னிந்தியாவை வாட்டிய காலத்திலே யாழ்ப்பாணமும் பட்டினியிலே ஆழ்ந்தது. 1877 இலே அந்த நாவலரவர்களே கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். கோட்புலியாருடைய நெற்கூட்டைப் பற்றி எழுதிய கை எந்தப் பக்கத்துக்கு அகப்பையை நீட்டியது என்று பார்த்தால் போதும்.

அமெரிக்க ஆசிரியர் நம் நூலாசிரியரினும் கொடியதொன்றைச் செய்திருக்கின்றார். அவருலகத்திலே விதை முளையாது. இறையனார் களவியலுரை கூறும் பன்னிரண்டு வருடப் பஞ்சத்திலே பாண்டியன் புலவர்களை நோக்கி, நாடு நாடானபின் வருக என்று அனுப்பிவைத்தான். நாடு மீளவும் நாடாகும் என்ற நம்பிக்கை அங்கே இருந்தது. மழை பெய்தபின் எழுத்து வல்லாரும் சொல் வல்லாரும் யாப்பு வல்லாரும் வந்தனர். பொருள் வல்லாரைக் காணாமல் அரசன் கவன்றான் என்பதும் அக்கதையே. பிழைத்து வந்தவர்களிடத்தே எது பிழைத்து வரவில்லையென்று தேடிய அரசன் அவன். நாவலிலோ அனுப்பவும் அரசனில்லை, மீளவும் நாடில்லை. தகரப் பேணிகளிலே எஞ்சிய உணவு ஒவ்வொன்றும் ஒருவன் உண்டால் மற்றொருவனுக்கில்லை. அங்ஙனம் வைத்தும், நிலவறையொன்றிலே நிறைய உணவைக் கண்டெடுத்தபோது, அதனைச் சேர்த்து வைத்துப் போன முகமறியாதவர்களுக்கு அப்பையன் நன்றி சொல்லிய பின்பே உண்ணுகின்றான். அவ்விடத்திலே யாம் புத்தகத்தை மடியிலே வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தோம்.

இவையெல்லாம் கட்டுக்கதையென்று தள்ளிவிட நம்மால் முடியாது. வன்னிப் போரின் கடைசிக் காலத்தைப் பற்றித் தமிழ்க்கவி எழுதிய நாவலுக்குப் பெயரே 'ஊழிக்காலம்'. 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களிலே முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒடுங்கிய ஒரு துண்டு நிலத்திலே அடைபட்டிருந்த சனங்கள், அரிசியும் தண்ணீரும் உப்புமிட்டுக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையிலே நின்றனர். அக்கஞ்சியே பின்னர் ஆண்டுதோறும் மே மாதத்திலே தெருவோரங்களில் நினைவாக வார்க்கப்படுகின்றது. ஷெல் விழும் நிலத்திலே அடுப்பு மூட்டி, தம் வீட்டாருக்கு மாத்திரமன்றி வரிசைக்கும் வார்த்தவர்கள் இருந்தார்கள். அங்கே பூட்டி வைத்தவர்களும் இருந்திருப்பார்கள். யாம் அங்கே இருந்தோமல்லேம்; ஆதலின் அவர்களைப் பற்றித் தீர்ப்புக் கூறோம்.

யாம் இருந்த இடம் ஒன்றுண்டு. அதனை மாணாக்கனுக்குச் சொல்லியதால் இங்கேயும் சொல்லுகின்றோம்.

1995 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் திகதி மாலையிலே, வலிகாமத்தை விட்டுப் போகும்படி ஒலிபெருக்கி அறிவித்தல் வந்தது. அவ்விரவிலே இலட்சக்கணக்கானோர் மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தனர். நாவற்குழிப் பாலத்தை அணுகும்போது கால்களை எடுத்து வைக்க இடமில்லை. ஓரடி வைக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. எமக்கு வயசு 25. தாயாரை முன்னே நடக்க விட்டு, யாம் துவிச்சக்கர வண்டியை உருட்டினோம். அதன் பின்னிருக்கையிலே கட்டியிருந்தது தாயாருடைய தையல் மெசின்; கைப்பிடியிலே அரிசிப்பை. பாலத்துக்குச் சிறிது இப்பால், வீதியோரத்திலே ஈரச்சேலையோடு குந்தியிருந்த ஒரு மூதாட்டி எம் வண்டியைப் பிடித்து, "தம்பி, பாலம் கடக்குமட்டும் என்னை இதிலை ஏத்திவிடு ராசா" என்றார்.

"பின்னாலை வண்டில் வருகுது, ஆச்சி" என்றோம். வண்டில் ஒன்றும் வரவில்லை.

அரிசிப்பையைக் கொடுத்திலோமேயென்று யாம் ஒருநாளும் வருந்தியதில்லை. அது பயறு. மெசினை இறக்கி அம்மூதாட்டியை ஏற்றியிருக்கலாம். இரும்பு நனைந்து வீதியோரத்திலே கிடந்திருக்கும்; அவ்வளவுதான். அன்றைக்கு அது எமக்குக் குடும்பத்தின் சீவனோபாயமாகத் தோன்றியது. இன்றைக்கும் எம் மனத்தின் ஒரு மூலை அப்படியே வாதிக்கின்றது. விசுவாமித்திரர் வாதித்தது போல வாதிக்க எவனுக்கும் முடியும். ஆனால் வாதம் வலியதாயின் பொய் எதற்கு? "எடுத்துக்கொண்டு போகமாட்டேன், ஆச்சி" என்று சொல்ல நா எழாமல் வண்டிலொன்றைக் கற்பித்தோம் அல்லவா? அக்கற்பனையே, யாம் எடுத்தது பயறன்று என்பதை எமக்கு அப்போதே அறிவித்துவிட்டது.

மீசாலையிலே ஒரு கமக்காரருடைய வளவிலே பதினொரு குடும்பங்களோடு யாமும் தங்கினோம். முன்பின் அறியாதவர். கிணற்றையும் தேங்காயையும் சமையற் கொட்டிலையும் எல்லார்க்கும் திறந்துவிட்டார். முதல்நாட் காலையிலே எல்லாரையும் முற்றத்துக்கு அழைத்து, அறைக்குள்ளே இருந்த நெல்மூடைகளிலே ஒன்றைக் கைகாட்டி, "இந்த மூடை என்ரை மூண்டு பிள்ளையளுக்கு. இதைக் கேட்கக்கூடாது. மற்ற ஆறும் எல்லாருக்கும்" என்றார். மாறனாரைப் போல அவர் விதைநெல்லைக் கொடுக்கவில்லை. கோட்புலியாரைப் போல வாளும் எடுக்கவில்லை. தமக்கு வேண்டியது இவ்வளவென்று பகலிலே எல்லாருங் கேட்கச் சொன்னார். ஆறு மூடையும் தீர்ந்த பின்னரும் அந்த ஏழாவது மூடையை ஒருவரும் தொடவில்லை. அவரிடத்தே படிப்பு அதிகமிருந்ததாக எமக்குத் தெரியாது.

மாணாக்கன் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். புத்தகத்தை மேசைமேலே வைத்துவிட்டு, "அந்த மெசின் இப்ப எங்கை, ஐயா?" என்று வினவினான்.

வீட்டிலே இருக்கின்றது. 1996 ஆம் ஆண்டு மே மாதத்திலே அதே வண்டியிலே அதனைத் திரும்பக் கொண்டுவந்தோம். தாயார் கண் மங்குமட்டும் அதிலே தைத்தார். இப்பொழுது அதன்மேலே ஒரு துணியை விரித்து, எம் மனைவியார் பூச்சட்டி ஒன்றை வைத்திருக்கின்றார்.